யார் வைத்த சேனை

சப் ஜெயில்,
சங்கரன்கோவில்.
19.1.83

முப்பிடாதிக்கு,

நலமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. பதில் சொல்கிற நிலைமையில் நீயும் இருக்கமாட்டாய். பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் முதல் வரியில் எழுது.

மாட்டுப் பொங்கலன்று மடையில் வைத்து என்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். உன்னை வண்டியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். வண்டிப் பலகை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டே போனது. ஏழு மாசம்கூட முடியாமல் பிள்ளை பிறந்துவிட்டது, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சண்முகையா அண்ணன் வந்து சொன்னான். ஆணா பெண்ணா என்று கேட்டால் முழிக்கிறான். அதைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

உன் தம்பி வீரபாண்டிக்கு ரெண்டு விரல் போனது எனக்குப் பத்தாது. நம் முறைத் தண்ணீரை அவன் வயலுக்குத் திருப்பினான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சண்டையை விலக்க வந்த வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கம்பால் அடித்தான் பார், அதற்குத்தான் அரிவாளை எடுத்தேன். போலீஸிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்று ஆகட்டும், ஜாமீனில் வந்த அன்றைக்கே அவன் தலையைக் கொண்டுபோய் மடைக்கல்லில் வைப்பேன். இதை யார் படித்தாலும் படிக்கட்டும்.

இன்னொன்று. பிள்ளைக்கு யாரையும் சேனை வைக்க விடாதே. முதன்முதலில் யார் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். தாய்மாமன் உரிமை என்று உன் தம்பி கிட்டே வந்தால் மிச்ச விரலும் இருக்காது என்று சொல். எங்கள் குடும்பத்துக் கைதான் வைக்க வேண்டும். என் ரோஷம் வர வேண்டும் அந்தப் பிள்ளைக்கு.

இங்கே டீ கொண்டு வருகிற மம்மது பாய் கையில் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்கிறேன். பதிலையும் அவர் கடை விலாசத்துக்கே போடு.

பெத்துராஜ்


பாளையங்கோட்டை
23.1.83

அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறாள். முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். பெண் பிள்ளை.

பிறந்தபோது ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிராம். நேற்று ஆயிரத்து நூற்று எழுபது. முதல் வாரம் எல்லாப் பிள்ளையும் குறையும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். குறைவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தொடை என் கட்டைவிரல் மொத்தம்தான். தோலுக்குள்ளே நரம்பு ஓடுவது வெளியே தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது, அந்தச் சூடு இல்லாவிட்டால் விறைத்துப் போவாளாம். நான் பீய்ச்சிக் கொடுக்கிற பாலை மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று இறக்குகிறார்கள். வாயில் ஒரு சொட்டும் வைக்கக் கூடாது. விழுங்கத் தெரியாத பிள்ளை, நுரையீரலுக்குள் போய்விடும் என்றார்கள். ஆகையால் சேனையைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அவளுக்கு மூச்சு விட மறந்துபோகிறது. பிறந்த பிள்ளைக்கு அது மறக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கிறது. நெஞ்சு அசையாமல் நின்றுவிடும், உதடு நீலமாகும். அப்போது நர்ஸ் ஞானசெல்வி அக்கா பெட்டிக்குள் கையை விட்டு உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். "ஏட்டி, மூச்ச விடுட்டி" என்பாள். உடனே திடுக்கிட்டு மூச்சு வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். தாய் தகப்பனைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை, அதுவும் ஐந்து நிமிஷம். உள்ளே போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தம்பியும் இதே ஆஸ்பத்திரியில்தான், கீழே ஆண்கள் வார்டில் கிடக்கிறான். ரெண்டு விரல் இல்லை, மூன்று. சுட்டுவிரலும் கட்டைவிரலும்தான் மிச்சம். நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து அவன் கட்டில் காலடியில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருக்கிறார்கள், காயம் ஆறினதும் கொண்டுபோக. "கை ஆறட்டுங்க்கா. எடது கையால வெட்டப் பழகிக்கிடுதேன்" என்கிறான். மேல்மாடியில் பிள்ளை, கீழே இவன், அங்கே நீங்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து என்னிடம் கேட்டார், உன் வயிற்றில் அடித்தது யார் என்று. நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். நினைவு இருக்கிறது. ஆனால் இப்போது வேண்டாம். பிள்ளை தேறட்டும், அத்தான். அதுவரை கோபத்தை விட்டுவையுங்கள்.

முப்பிடாதி


சப் ஜெயில்,
சங்கரன்கோவில்.
27.1.83

முப்பிடாதிக்கு,

பெண் என்றால் என்ன, என் பிள்ளை. அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை.

வேறு விஷயத்துக்கு வருகிறேன். நீ தினமும் படி இறங்கிப் போய் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாயாமே. அண்ணன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான். என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் வாயில் கரண்டி வைக்கிற கையோடு மேலே போய் என் பிள்ளையைப் பார்க்கிறாய். நினைவில்லை என்று போலீஸில் சொன்னாயா? தம்பியைக் காப்பாற்ற நினைவு தப்பிவிட்டதோ? நான் வெளியே இருந்தால் உன் கூந்தலைப் பிடித்து அந்தப் படியில் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

நேற்று இங்கே ஒருத்தன், சிவகிரிக்காரன், ஆட்டுத் திருடன், "ஏழு மாசப் பிள்ள எங்கன பொழைக்கப் போவுது வே, வீணா எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையுதிய" என்றான். கஞ்சித் தட்டால் அவன் மூஞ்சியில் போட்டேன். முன்பல் ரெண்டு அவன் கஞ்சியிலேயே விழுந்தது. வார்டர் என் முட்டியில் லத்தியால் வெளுத்துவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் என்ன.

எடை குறைகிறது என்கிறாய். ஏன் குறையாது? பதிமூணு நாளாகச் சேனை வைக்காத பிள்ளை யார் பிள்ளை என்று தெரியாமல் கிடக்கிறது. அதற்குப் பிடிப்பு எங்கே இருந்து வரும்? எங்கள் அய்யாவுக்கு அவர் தாத்தா வைத்தார், எனக்கு அய்யா வைத்தார். நாங்கள் யாரும் ஒரு அடிக்கு விழுந்தவர்கள் இல்லை. பால் குழாயில் போனால் போகட்டும், குணம் வாயில்தான் போக வேண்டும். டாக்டருக்கு ஊசி தெரியும், இது தெரியாது.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் வருவான். நீ குறுக்கே நிற்காதே.

பெத்துராஜ்


பாளையங்கோட்டை
1.2.83

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தது. நான் பால் பீய்ச்சுகிற அறையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரியத்தான் உங்கள் பெயரைச் சொல்லி, நான்தான் தகப்பன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். முழங்கை வரை கழுவவும் செய்திருக்கிறார். மடியில் மருந்துக் குப்பியில் சர்க்கரைத் தண்ணீர்.

ஞானசெல்வி அக்கா அடுத்த பெட்டிப் பிள்ளைக்கு ஊசி போடத் திரும்பியிருக்கிறாள். அவ்வளவுதான் நேரம். பெரியத்தான் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு விரலைத் தொட்டு வைத்தார். ஒரு தடவை வைத்தது போதாது என்று நினைத்தாராம். உள்ளே போகவில்லையே என்று குப்பியைச் சாய்த்திருக்கிறார்.

நான் ஓடி வந்தபோது அவள் கறுத்துப் போயிருந்தாள். நீலம் இல்லை, கறுப்பு. அக்கா உள்ளங்காலில் சுண்டினாள், வரவில்லை. அடித்தாள், வரவில்லை. பிள்ளையை வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். தொண்டைக்குள் குழாயை விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினாள், உறிஞ்சித் துப்பினாள். டாக்டரம்மா இரண்டு விரலால் அந்த நெஞ்சை அமுக்கினார்கள். கோழிக்குஞ்சு நெஞ்சை அமுக்குகிற மாதிரி இருந்தது. எலும்பு முறிந்துவிடும் என்று நான் கத்தினேன். "முறிஞ்சா ஒட்டிக்கிடும், நீ வெளிய போம்மா" என்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பெரியத்தான் படியில் இறங்கும்போது தம்பி போலீஸ்காரரை உதறிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டான். கட்டுப் போட்ட கையாலேயே பெரியத்தான் முகத்தில் குத்தினான். கட்டு முழுக்க ரத்தம். அவர் ஏழெட்டுப் படி உருண்டு கீழே போய் விழுந்தார், தம்பி நெஞ்சில் ஏறி மிதித்தான். மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். அவருக்கு விலா எலும்பு ஒன்று போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விலக்கவில்லை. ஒரு தடவை விலக்கினதே போதும்.

இன்றைக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா என்கிறார்கள். எடை ஆயிரத்து நூற்று இருபது. நாளை இருப்பாளா என்று கேட்டேன். "நாளைக்கிக் கேளும்மா" என்றார்கள்.

பிள்ளை தேறட்டும் என்று வைத்திருந்ததை இனி எதற்கு வைத்திருக்க வேண்டும்? கேளுங்கள். தம்பி என்னை அடிக்கவில்லை. அவன் கம்பை ஓங்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் நின்றான். நான் உங்கள் பின்னால் வந்து உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் அவனை வெட்ட மம்பட்டியைப் பின்னால் ஓங்கினீர்கள். மம்பட்டியின் கட்டைப் பிடி, அந்தக் கணையின் முனை என் வயிற்றில் ஏறியது. நான் விழுந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், நான் கிடந்தேன், அவன் கையில் கம்பு இருந்தது. உடனே வரப்பில் கிடந்த அரிவாளை எடுத்தீர்கள். யார் அடித்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அன்றைக்கும் நீங்கள். நேற்றும் நீங்கள். பூட்டின அறைக்குள் இருந்துகொண்டே அடிக்க உங்களால் முடிகிறது.

முப்பிடாதி


சப் ஜெயில்,
சங்கரன்கோவில்.
4.2.83

பொய்.

தம்பிக்காகப் புருஷன் தலையில் பழியைப் போடுகிறாய். நல்ல குடும்பத்தில் பிறந்த பொம்பளை செய்கிற காரியமா இது? என் பிள்ளையை நான் அடிப்பேனா? இதை எழுதின கையை வெளியே வந்து ஒடிப்பேன். அண்ணன் விலாவுக்கும் சேர்த்து உன் தம்பிக்கு இருக்கிறது. சேனையால் எந்தப் பிள்ளை செத்திருக்கிறது? அந்த நர்ஸ் சரியாகப் பார்க்கவில்லை, பழி எங்கள் மேல்.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று எழுது.

பெத்துராஜ்


சப் ஜெயில்,
சங்கரன்கோவில்.
8.2.83

முப்பிடாதி,

நாலு நாளாக உன்னிடமிருந்து தபால் இல்லை. மம்மது பாய் டீத்தூக்கோடு வரும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். "இல்ல பெத்துராசு" என்கிறார்.

நேற்று ஜெயில் கொல்லையில் வாழைக்குப் பாத்தி கட்டச் சொன்னார்கள். மம்பட்டியைக் கையில் கொடுத்தார்கள். மடைக்குப் பிறகு நேற்றுத்தான் அதைத் தொடுகிறேன். எனக்குப் பின்னால் மதில் சுவர் இருந்தது, கவனிக்கவில்லை. ஓங்கினேன். கணை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. உள்ளங்கை அதிர்ந்தது.

அப்படியே நின்றுவிட்டேன், முப்பிடாதி. மடையில் அன்றைக்கும் ஓங்கும்போது பின்னால் ஒன்று தடுத்தது. அது அதிரவில்லை. மெத்தென்று இருந்தது. கணை கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அது இந்தக் கைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் வைத்திருந்திருக்கிறேன், இருபத்துநாலு நாளாக.

மறுபடி சுவரில் இடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று தெரியாது. வார்டர் வந்து பிடுங்கும்போது கணை பிளந்திருந்தது, கை கிழிந்திருந்தது. ஆட்டுத் திருடன்தான், நான் பல்லைத் தட்டினேனே அவன்தான், துணி கிழித்துக் கட்டிவிட்டான். 

இருக்கிறாளா? இல்லையென்றாலும் எழுது. இல்லையென்றால் வீரபாண்டியை ஒன்றும் செய்யமாட்டேன். யாரை என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பெத்துராஜ்


பாளையங்கோட்டை
21.2.83

அத்தானுக்கு,

இருக்கிறாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது. பிறந்த எடைக்கு இன்னும் பத்துக் கிராம் பாக்கி.

உங்கள் கடிதம் பதினோராம் தேதியே வந்தது. பத்து நாள் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. அந்தப் பத்து நாளும் நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். படட்டும் என்றுதான் இருந்தேன். நான் ஒன்றும் கோவில் சிலை இல்லை.

கடைசி வரிக்கு மட்டும் இப்போது பதில். உங்களை நீங்களே என்னவாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தீர்களானால், அது மூன்றாவது அடி. முதல் இரண்டையும் தாங்கிவிட்டாள். தகப்பன் தொங்கினான் என்ற பேச்சை அவள் தாங்க வேண்டாம். அதை விட்டுவிடுங்கள்.

தம்பியிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம், "அந்த ஆளு மதில்ல எத்தன மட்டம் இடிச்சாராம்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "இன்னும் இடிக்கட்டும்" என்றான். ஆனால் இடது கையைப் பற்றின பேச்சு அதற்குப் பிறகு இல்லை. போலீஸ்காரர் இன்னும் கட்டில் காலடியில்தான் இருக்கிறார். வருகிற வாரம் கொண்டுபோய்விடுவார்களாம். அது உங்கள் கையில் இருக்கிறது.

நாம் சண்டை போட்ட தண்ணீர் இரண்டு வயலுக்கும் போகவில்லையாம். திறந்த மடையை அடைக்க ஆளில்லாமல் ஓடையில் போய்விட்டது. கதிர் வாங்கின பயிர் இரண்டு வயலிலும் பதராகிவிட்டது. ஊரிலிருந்து வந்த பேச்சி அத்தை சொன்னாள்.

முப்பிடாதி


சப் ஜெயில்,
சங்கரன்கோவில்.
28.2.83

முப்பிடாதி,

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். வீரபாண்டி அடிக்கவில்லை, அடித்தது நான், அவன் விரலை வெட்டினதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "ஏலே, கிறுக்கனா நீ? ஒனக்குத் தண்டனை கூடும்லா" என்றார். கூடட்டும். கைக்கட்டோடு எழுதினதால் கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. மறுபடி போடச் சொன்னார், போட்டேன்.

அண்ணன் வந்தான், மூச்சு விட்டால் வலிக்கிறதாம். "நீ சொல்லித்தானல செஞ்சேன்" என்று அழுதான். ஆமாம் என்றேன். விலாவுக்காக உன் தம்பி மேல் புகார் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

எனக்குள் இன்னும் கோபம் இருக்கிறது. அது போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். காலையில் எழுந்தால் யார் மேல் என்று தேடுகிறது. ஒருத்தரும் அகப்படவில்லை என்றால் என் மேலேயே வந்து விழுகிறது. அய்யா எனக்கு வைத்த சேனை இதுதான் போலிருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன், உத்தரவாகச் சொல்லவில்லை. பிள்ளை வாயில் பால் வைக்கலாம் என்று டாக்டர் என்றைக்குச் சொல்கிறார்களோ அன்றைக்கு எங்கள் குடும்பத்துக் கை வேண்டாம். உன் தம்பி கையும் வேண்டாம், அவனும் என்னை மாதிரிதான், மிதித்திருக்கிறான். அந்த நர்ஸ் வைக்கட்டும். குழாயைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாளே, அந்த மகராசி. அவளைப் போன கடிதத்துக்கு முந்தினதில் குறை சொல்லி எழுதியிருந்தேன். மன்னிக்கச் சொல்.

வருகிற மாதம் பதினெட்டாம் தேதி ஜாமீன் கிடைக்கும் என்கிறார் வக்கீல். வெளியே வந்தால் எங்கே போக வேண்டும் என்று நீ சொல்.

பெத்துராஜ்


பாளையங்கோட்டை
16.3.83

அத்தானுக்கு,

ஆயிரத்து அறுநூற்று இருபது. நேற்றுக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தொட்டிலில் போட்டார்கள். மூச்சு விட மறந்து எட்டு நாளாகிறது. அதாவது, எட்டு நாளாக ஒரு தடவைகூட மறக்கவில்லை. தம்பி கட்டிலில் போலீஸ்காரர் இல்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று மிச்சமிருந்த ரெண்டு விரலால் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனான். உங்களைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

இன்று காலையில் டாக்டரம்மா, பாலாடைச் சங்கில் வாய் வழியாகப் பால் கொடுக்கலாம் என்றார்கள். "அதுக்கு முந்தி ஒங்க சேனைய வச்சிக்கிடணும்னா ஒரே ஒரு சொட்டு, எங் கண்ணு முன்னால வச்சிக்கோ" என்று அவர்களே சொன்னார்கள். ஞானசெல்வி அக்காவிடம் நீங்கள் எழுதினதைச் சொல்லி, கிண்ணத்தை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு இருக்கிற வாயும் கோவமும் ஒனக்குத் தெரியாது. எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாரு. எங் குணம் இந்தப் பிள்ளைக்கி எதுக்கு?" என்றாள்.

என் விரலைப் பார்த்தேன். பெரியத்தான் விழுந்து கிடந்தபோது விலக்காமல் நின்றவள் நான். உங்களைப் பத்து நாள் வேண்டுமென்றே துடிக்கவிட்டவள். எனக்கும் மனசு வரவில்லை.

அத்தான், கடைசியில் நான் செய்ததைச் சொல்கிறேன். அவளுடைய கையையே பிடித்தேன். தீக்குச்சி மாதிரி விரல். அதைக் கிண்ணத்தில் தொட்டு, ஒட்டின சொட்டோடு அவள் வாயில் வைத்தேன். சப்பினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சப்பினாள். விழுங்கினாள். எல்லோரும் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா பழக்கத்தில் உள்ளங்காலைச் சுண்டப் போனாள், வேண்டியிருக்கவில்லை.

மடையில் வாங்கின அடிக்கும், குப்பிக்கும், நிமோனியாவுக்கும் பிறகு உயிரை விடமாட்டேன் என்று கிடந்தாளே, அந்தக் குணம் நம் ரெண்டு வீட்டிலும் யாரிடமும் இல்லை. அவளுக்கு அவள் குணமே வரட்டும்.

நீங்கள் எங்கே போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். உங்களோடு வீட்டுக்கு வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பிள்ளையைப் பார்க்க வரலாம். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் விடுவார்கள், ஐந்து நிமிஷம். வாசலில் குழாயும் சோப்பும் இருக்கிறது. முழங்கை வரை கழுவ வேண்டும், நகக்கண் வரை. ஒரு தடவை போதாது, மூன்று தடவை என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். கழுவிவிட்டு வாருங்கள்.

முப்பிடாதி